மேகம் பார்க்க ஏறியவர்

தங்கையன் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த மறுநாள்தான் எனக்குக் கிடைத்தது. சுசீந்திரம் பேருந்து நிறுத்தத்தில் மேரி சொன்னாள். பதினோரு வருடம் பேசாமல் இருந்தவனுக்கு யார் தேடிவந்து சொல்லுவார்கள்?

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். நான் மோட்டார், மின்சாரம். யாரிடமும் படிக்காமல் நானாகக் கற்றுக்கொண்ட வேலை. மேரி துணி துவைப்பவள். சூரிய உதயம் காணத் தங்குகிறவர்களை எழுப்பிவிடுவது தங்கையன் வேலை. மற்ற லாட்ஜுகளில் ஐந்தேகாலுக்கு எல்லாக் கதவையும் தட்டுவார்கள். இவர் முதலில் நான்கு மாடி ஏறிக் கீழ்வானத்தைப் பார்ப்பார். மேகம் அடைத்திருந்தால் தட்டமாட்டார். தெளிந்திருந்தால் இரண்டு விரலால் தட்டி, "சார், சூரியன் வாறாரு" என்பார், வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல. முட்டுவலியோடு எதற்கு ஏறுகிறீர் என்று கேட்டேன். "மேகத்தப் பாக்கதுக்கு எவனயாம் எழுப்புவாவளா மக்கா?" என்றார்.

ஒருநாள் மேகம் ஏமாற்றிவிட்டது. அவர் இறங்கிவந்த பிறகு வானம் திறந்து, பத்து நிமிடம் சூரியன் தெரிந்தது. தூங்கிப்போனவர்கள் சத்தம் போட்டார்கள். மகன் வயதுடைய மேனேஜர் அவரை வரவேற்பறையில் எல்லோர் முன்னும் நிறுத்தினார். "மேகம் பாக்கதுக்காலே ஒனக்குச் சம்பளம்? தட்டச் சொன்னா தட்டுலே." பிறகு அறை அறையாக அனுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார்.

நான் மோட்டார் அறைச் சாவியை மேசையில் எறிந்துவிட்டு, "வாரும் ஓய், போவோம்" என்றேன். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். "முதுகெலும்பு இல்லாத ஆளுவே நீரு" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அவருக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர். தெரிந்தேதான் சொன்னேன்.

நிறுத்தத்தில் மேரி மீதியைச் சொன்னாள். அந்த நாளுக்குப் பிறகு அவர் மாடி ஏறவே இல்லையாம். மணி பார்த்துத் தட்டினார். மழை கொட்டும்போதும் தட்டினார். சூரியன் வருகிறார் என்று சொல்வதையும் விட்டுவிட்டார். குடையோடு ஏறிப்போன விருந்தினர்கள் நனைந்து திரும்பினார்கள். மேனேஜரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. மேரி கேட்டபோது இப்படிச் சொன்னாராம்: "தட்டச் சொன்னாவ, தட்டுதேன் ஏட்டி. மேகம் பாத்தது எனக்க சொந்தக் காரியம். அத அவனுக்குக் குடுக்க மாட்டேன்."

நான் விலகியது தவறு என்று இன்றும் ஒப்பமாட்டேன். அவர் உள்ளே இருந்துகொண்டே விலகியிருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை தவறு. அதை அவரிடம் சொல்லப் பேருந்தில் அரை மணி நேரம் போதும். நான் போகவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. விடியுமுன் மாடி ஏறி மேகம் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இன்றும் ஏறினேன். கீழ்வானம் நன்றாகத் தெளிந்திருந்தது. மனைவி போய்ச்சேர்ந்துவிட்டாள், மகன் துபாயில். இறங்கிவந்து தட்டுவதற்கு வீட்டில் கதவு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.