வெட்டாமல் வைத்த கட்டி

ஆய்வுக்கூடத்தில் அவரைச் "சீவல்" என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகில் பதித்த சதையைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. செல்களின் உருவம், அவை அடுக்கியிருக்கும் விதம், இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்றெல்லாம் பார்த்து, மார்பகப் புற்றுநோய்க்கு ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா தரம் போடுவார். ஒன்று சாது, மூன்று முரடு. என்ன மருந்து என்பது அதையும் பொறுத்தது.

கட்டி வந்த கையோடு அதைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் உள்ளே இறங்கும். முழுசாக விட்டால் பிரியும் செல்கள் மங்கி, எண்ணிக்கை குறைந்து, முரடும் சாதுவாகத் தெரியும். இதை மறந்த புதியவர்களைச் சீவல் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறார். வாய் அப்படி.

ஒரு செவ்வாய் மதியம் அவருடைய தங்கையின் கட்டி ஃபார்மலின் டப்பாவில் வந்தது. சீட்டில் நேரத்தை எழுதினார், டப்பாவை மேஜையில் வைத்தார், மாடி வார்டுக்கு ஓடினார். அவளுக்கு மயக்கம் தெளியும்போது பக்கத்தில் ஆள் வேண்டுமே. டப்பாவின் ஞாபகம் மறுநாள் காலையில்தான் வந்தது. வெட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தரம் இரண்டு என்று முடிவு வந்தது.

"கீமோ வேண்டியிருக்காதுன்னு சொல்றாங்கண்ணா," என்று தங்கை போனில் அழுதுகொண்டே சிரித்தாள். சொன்னால் இத்தனை வருஷ நல்ல பெயரும் போகும், அவள் சிரிப்பும் போகும். இரண்டு நாள் அல்லாடினார். பயந்தார் என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். "மேடம், அந்தக் கட்டிய நான் மறுநாள் வரைக்கும் வெட்டாம வச்சிட்டேன். அந்த எண்ணிக்கைய நம்பாதீங்க."

டாக்டரம்மா அந்த அறிக்கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசியில எடுத்த சதை இருக்குல்ல? சின்னத் துணுக்கு, அதுல ஃபார்மலின் உடனே இறங்கியிருக்கும். அதச் சீவிக் குடுங்க."

சீவிக் கொடுத்தார். அதில் எண்ணிக்கை மூன்று மடங்கு இருந்தது. தரம் மூன்று.

"எப்படி மாறிச்சு?" என்று கேட்ட தங்கையிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

கீமோவின் முதல் நாள், மருந்து சொட்ட ஆரம்பித்ததும் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மணி பதினொண்ணு ஆச்சு," என்றாள் தங்கை. "கீழ இன்னிக்கு யாரோட கட்டியாவது வந்திருக்கும். நீ போண்ணா."