தூங்குமூஞ்சிப் பாட்டு

கொழிஞ்சாம்பாறைக்கு வந்த புதிதில் எனக்குக் கால் வலித்தது. நடந்து பழகாதவனில்லை நான். இடுக்கி மலையில் தேயிலைச் சரிவில் பிறந்து, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய் என்று எதற்கும் ஏறியோ இறங்கியோ வளர்ந்த கால்கள் இவை. அவற்றுக்குச் சமமான தரை புரியவில்லை. அடுத்த அடி கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும் என்று கால் எதிர்பார்க்கும், இருக்காது. குடத்திலிருந்து சிந்திய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றது. நான் அதை வேடிக்கை பார்க்க, எதிர்வீட்டு அம்மாள் என்னை வேடிக்கை பார்த்தார். மலையில் இருக்கும் நண்பர்களே, இங்கே ஒருவர் வருவதை அவர் வந்து சேர்வதற்கு வெகுநேரம் முன்பே பார்த்துவிடலாம். பனைமரங்களுக்கு நடுவே புள்ளியாகத் தெரிந்து, மெல்ல மெல்ல ஆளாகி, கடைசியில்தான் முகமாவார். நம் ஊரில் மூடுபனிக்குள்ளிருந்து சட்டென்று முகம்தான் முதலில் வரும்.

நான் கடல் கடக்கவில்லை. மாநிலம்கூட மாறவில்லை, இரண்டும் கேரளம்தான். ஆனாலும் வந்து சேர்ந்தது வேறு தேசம்தான். அப்பா எஸ்டேட்டில் கணக்கு முடித்ததும், எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த அறையை அடுத்த தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் தாத்தா விட்டுவந்த திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார்கள். எனக்கு அந்தக் கிராமத்தில் ஒருவரையும் தெரியாது. எஸ்டேட் கிளப்பில் ஒயர் இழுத்துப் பழகியிருந்ததால், கொழிஞ்சாம்பாறை மைக் செட் கடையில் வேலை கிடைத்தது. இங்கே பேசுவதும் தமிழ்தான். ஆனால் என் தமிழைக் கேட்டவர்கள் ஒருகணம் நிதானித்துவிட்டே பதில் சொன்னார்கள், நானும் அப்படித்தான். கடலை விவசாயி நாச்சிமுத்து முதன்முதலில் என்னை அழைத்தபோது "ஊட்டுக்குப் போலாம் வாங்க" என்றார். என்னிடம் ஸ்வெட்டர் இல்லை, நாளைக்குக் கடையில் வேலையும் இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டே குனிந்து சிரித்தார். ஊட்டிக்கு அல்ல, பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்குத்தான் அழைத்திருக்கிறார்.

அவர் என்னை அழைத்ததற்குக் காரணம் ஒரு பாட்டு. பழுது பார்த்த ஆம்ப்ளிபயரைச் சோதிக்க, மலையிலிருந்து கொண்டுவந்திருந்த இசைத்தட்டு ஒன்றைப் போட்டிருந்தேன். கடலைமூட்டை ஏற்றிய சைக்கிளோடு நாச்சிமுத்து கடைவாசலில் நின்றுவிட்டார். பாட்டு முடியும்வரை நகரவில்லை. "இவுங்களெ உங்குளுக்கு எப்புடிங்க தெரியும்?" என்று கேட்டார்.

'இவர்கள்' என்றால் கொச்சியிலிருந்து வரும் ஒரு ராக் பேண்ட். கிட்டார் மூன்று, டிரம்ஸ் ஒன்று, பாட்டு ஆங்கிலம். பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருக்கும். லயத்தில் நாங்கள் 'கொச்சிக்காரர்கள்' என்றே சொல்வோம். நான் சிறுவனாக இருந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எஸ்டேட் கிளப்புக்கு வந்தார்கள். உள்ளே துரைமார்கள் ஆடுவார்கள். வெளியே வேலிச்செடிக்கு இந்தப் பக்கம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நானும் என் நண்பன் செல்லத்துரையும் நிற்போம். வார்த்தை ஒன்றும் விளங்காததால் பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ரயில் பாட்டு, விசில் பாட்டு, சண்டைப் பாட்டு. துரைமார்கள் போய், அவர்கள் நாற்காலியில் நம் ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகும் கொச்சிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாடகரின் காதோரம் நரைத்தது. நடுவில் சில இசைத்தட்டுகளும் வெளியிட்டார்கள். அவற்றில் நாலாவது வந்தபோது செல்லத்துரை அதை ஒருமுறை கேட்டுவிட்டு உறையில் போட்டவன், பிறகு எடுக்கவே இல்லை. அதன் பின்பக்கத்துக் கடைசிப் பாட்டுக்கு அவன் வைத்த பெயர்தான் தூங்குமூஞ்சிப் பாட்டு.

நாச்சிமுத்து பாலக்காட்டுக் கல்லூரியில் படித்தபோது அவர்களைக் கேட்டிருக்கிறார். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்க்க வந்தவர். ஊரில் இந்தப் பாட்டைப் பற்றிப் பேச அவருக்கு ஆள் இல்லை. அதனால் நான் வந்தது அவருக்கு மழை வந்தது மாதிரி. வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் அவர் தோட்டத்து வீட்டுக்குப் போய்விடுவேன். முதல் சில மாதம் வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலோடு என் எல்லை முடிந்தது. உள்ளே வா என்று அடுத்த வீட்டிலிருந்த அவருடைய பெரியப்பா குடும்பத்தார் முன்னால் யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நாச்சிமுத்துவின் மனைவி கண்ணம்மாள்தான் ஒருநாள் ரெக்கார்டு பிளேயரையே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒயர் எட்டவில்லை. மறுநாள் நான் நீளமான ஒயர் கொண்டுபோனேன். அதற்குப்பின் பாட்டு வாசலில்தான்.

நல்ல பாட்டுகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ரயில் பாட்டு நல்ல பாட்டு என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. சண்டையெல்லாம் மற்றவற்றைப் பற்றித்தான். சண்டைப் பாட்டில் கிட்டார் தேவைக்கு மேல் நீளுகிறது என்பார் நாச்சிமுத்து. அந்த நீளம் கிளப்பில் நேரில் கேட்டால்தான் புரியும் என்பேன் நான். விசில் பாட்டை இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். நாலாவது தட்டைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை, அது கொச்சிக்காரர்களின் வீழ்ச்சி என்று முடிவு செய்திருந்தோம். கண்ணம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, காதை மட்டும் எங்களிடம் விட்டுவைத்திருப்பார். ஒருநாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, அந்த நாலாவதின் கடைசிப் பாட்டுத்தான் தனக்குப் பிடிக்கும் என்றார்.

நாச்சிமுத்து சிரித்தார். அதில் டிரம்ஸ் வாசிப்பவர் ஒவ்வொரு அடிக்கும் பிந்தி வருகிறார், சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று விளக்கினார். நானும் ஒத்து ஊதினேன்.

"பிந்தித்தானுங்ணா வர்றாரு" என்று கண்ணம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா பாடறவரு உட்டுட்டுப் போகுல பாருங்க. இழுத்துப் புடிச்சு நிக்கறாரு. அவரு வந்து சேந்தப்பறந்தான் அடுத்த வார்த்தையெ எடுக்கறாரு."

நாங்கள் மறுபடி போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது உண்மை. பாடகர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூச்சை நீட்டிக்கொண்டு நின்றார், பின்தங்கி வருகிறவருக்காகத் திரும்பிப் பார்த்து நிற்பதைப்போல. நாச்சிமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. பிழை பிழைதான் என்று கடைசிவரை சாதித்தார். கண்ணம்மாளும் விடவில்லை. அந்தக் கோடை முழுவதும் இந்த வழக்கு நடந்தது. தட்டு வைக்கும் முன்பே இருவரும் முறைத்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். இந்த ஊரில் நான் வேற்றாள் என்பதை மறந்திருந்த காலம் அதுதான்.

ஆடிக்காற்று தொடங்கியபோது கண்ணம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது உடம்பு கட்டிலோடு ஒட்டியிருந்தது. பார்க்கப் போன என்னை நாச்சிமுத்துவே கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனார். முதன்முதலாக அந்த வீட்டின் உள்ளே நின்றேன். பாட்டு ஏதாவது போடட்டுமா தங்கச்சி, நாலாவதின் பின்பக்கம் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்ணா. ரயில் பாட்டே போடுங்க" என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "அவுருக்குத்தான் அது உசுரு. நா இப்புடிக் கெடக்கறப்ப அவுராக் கேக்க மாட்டாரு."

போட்டேன். நாச்சிமுத்து பாதியிலேயே எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அடுத்த வாரம் கண்ணம்மாள் இறந்துபோனார். பாலக்காட்டுக் கணவாய்வழி வரும் காற்று அன்று அப்படி அடித்தது. தோட்டத்தில் போட்டிருந்த பந்தலின் ஓலைகளை நாங்கள் நாலைந்து பேர் கைகளால் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த வருஷக் கடைசியில் கொச்சிக்காரர்கள் பாலக்காட்டுக்கு வந்தார்கள். பொருட்காட்சித் திடலில் சாயங்காலக் கச்சேரி. நாச்சிமுத்து வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். திடலுக்குள் நுழையும்போது, அந்தப் பாட்டைக் கேட்டால் பாடுவார்களா என்றார். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை.

இடைவேளையில் ஒயர் வேலைக்காரன் என்று சொல்லி மேடைக்குப் பின்னால் போனேன். பாடகர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்குத் தெரிந்த மலையாளத்தில் அந்தப் பாட்டைக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை. முதல் இரண்டு வரியை, வார்த்தை சரியாக வராமல், மெட்டை மட்டும் பாடிக்காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அதுவா, அது எங்களுக்கே பிடிக்காது, தட்டில் இடம் மிச்சமிருந்தது என்று பாடியது, டிரம்ஸ்காரனுக்கு அன்று காய்ச்சல் என்றார். அந்த டிரம்ஸ்காரர் இப்போது இவர்களோடு இல்லை. அப்புறம் யாருக்கு அந்தப் பாட்டு அவ்வளவு இஷ்டம் என்று கேட்டார்.

"ஒரு பெங்ஙள்க்கு வலிய இஷ்டமாணு" என்றேன். ஒரு சகோதரிக்கு மிகவும் இஷ்டம் என்று பொருள். இஷ்டமாக இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். என் மலையாளத்தில் நடந்து முடிந்தவை சரியாக வராது. மலைக்கடையில் அரிசி என்ன விலை, உப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பழகிய மலையாளம் அது. அவர் தலையசைத்துவிட்டு மேடையேறினார். மைக்கைப் பிடித்து, இங்கே நம்மோடு வந்திருக்கும் ஒரு சகோதரி இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார், இது அவருக்காக, என்று சொன்னார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். யார் அது என்று பலர் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவும் திரும்பிப் பார்த்தார். அவருக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்த்தார். வரிசை வரிசையாக, அவசரப்படாமல் பார்த்தார். நான் அவர் தோளில் கைவைத்தது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

பாட்டுத் தொடங்கியது. புது டிரம்ஸ்காரர் இளைஞர், கெட்டிக்காரர். ஒரு அடிகூடப் பிசகவில்லை. பாடகர் எங்கும் நிற்கவேண்டி வரவில்லை. வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்து, தட்டில் கேட்டதைவிடச் சீக்கிரம் முடிந்துபோயின. பலமாகக் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த பையன்கள் நல்ல பாட்டு என்று பேசிக்கொண்டார்கள்.

"தப்பில்லாம வாசிச்சுப்போட்டாங்க" என்றார் நாச்சிமுத்து. மிச்சக் கச்சேரிக்கு நாங்கள் இருக்கவில்லை.

மறு வைகாசியில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சின்னப்பிள்ளை இருக்கும் வீட்டில் வேறென்ன செய்வார்கள்? நல்ல பெண், குழந்தையை இடுப்பிலிருந்து இறக்குவதில்லை. கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியது நான்தான்; கேட்டவர்கள் கேட்ட சினிமாப் பாட்டுகளைப் போட்டேன். அதற்குப்பின் தோட்டத்துப் பக்கம் போவது குறைந்தது. யாரும் வராதே என்று சொல்லவில்லை. நாச்சிமுத்து கடைக்கு வரும்போது கடலை விலை, மோட்டார் கரண்டு என்று பேசுகிறோம். இசைத்தட்டுகள் பரண்மேல் ஏறிவிட்டன என்று அவராகவே ஒருமுறை சொன்னார். சரிதான் என்றேன்.

போன மாதம் செல்லத்துரையின் தங்கை கல்யாணத்துக்காக மலைக்குப் போனேன். எங்கள் பழைய லயத்து அறையில் வேறு குடும்பத்தின் புகை. செல்லத்துரை கொச்சிக்காரர்களின் தட்டுகளை அடுக்கி வைத்து, பழையபடி வாதம் தொடங்கினான். நாலாவதின் கடைசிப் பாட்டுத்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்றேன். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கீழ போயி உனக்குக் காதும் கெட்டுப்போச்சாலே" என்றான் செல்லத்துரை. ஏன் சிறந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குத் தோட்டத்து வாசலிலிருந்து தொடங்கவேண்டும். கட்டில், ஒயர், மாட்டுத் தொட்டி, ஆடிக்காற்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சிரித்து வைத்தேன். செல்லத்துரையின் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள், இங்கேயே வந்துவிடேன் என்றார். யாருமில்லை அத்தை என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலை ஃபேக்டரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். மலையை இறங்கி, உடுமலைப்பேட்டையையும் பொள்ளாச்சியையும் சுற்றி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியேறித்தான் நான் மறுபடி கேரளத்துக்கு வந்து சேரவேண்டும். பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. கண்டக்டர் மலையாளி, வயதானவர், கனிவான மனிதர். டிக்கெட் கிழித்துக்கொண்டே "வீட்டிலேக்காணோ?" என்று கேட்டார். வீட்டுக்கா என்று பொருள். ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு நாள் முன்பு மேலே ஏறி வரும்போதும் அதே பஸ்ஸில் அவர் அதையேதான் கேட்டார். அப்போதும் தலையாட்டியிருந்தேன்.