கூட்டாத வீடு

வெறுங்காலில் மணல் நெருடிய அந்த உணர்வை என் உள்ளங்கால்கள் இன்னும் மறக்கவில்லை. எல்கடுவ மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயத்தில் இருந்த எங்கள் வீட்டின் சிமெந்துத் தரையில், வாசலிலிருந்து காலோடு வந்த செம்மண்ணும், அடுப்படியிலிருந்து பறந்து வந்த சாம்பலும், அம்மாவின் கூடையிலிருந்து உதிர்ந்த சருகும் நாளுக்கு நாள் படிந்து, நடக்கும்போதெல்லாம் சரசரத்தன. லயத்திலேயே துப்புரவானவர் என்று பெயரெடுத்த என் அம்மா விளக்குமாற்றைத் தொடவே இல்லை. காரணம் இதுதான்: என் அக்கா யோகேஸ்வரி இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பயணம் புறப்பட்டுப் போனால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைக் கூட்டுவதில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் புறப்பட்டால், மாலைக்குள் “வந்து சேந்துட்டேன்” என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார். உடனே விளக்குமாறு மூலையைவிட்டு எழும்பும். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடுகிற இந்த வழக்கம் வாரக்கணக்கில் நீளக்கூடும் என்று அதை ஏற்படுத்திய முன்னோர் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். பயிற்சி முகாமின் வாயிலிலேயே பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு அக்கா தன் முடிவைச் சொன்னபோது லயமே இரண்டுபட்டது. தோட்டத்தில் காலை வேலைக்கு ஆளெடுக்க வரிசையாக நிறுத்துவதை நாங்கள் ‘பெரட்டு’ என்போம். அதை வைத்துத்தான் பக்கத்து வீட்டு மாரியாயி அத்தை முதற்கணையைத் தொடுத்தார்.

“பெரட்டுல நிக்கிறதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமாடி? இங்கயே வா, கங்காணிகிட்டச் சொல்லி முன் வரிசையில நிக்க வைக்கிறேன்.”

“அங்க சப்பாத்து குடுப்பாங்க அத்த, இங்க அட்டதான் கடிக்கும்” என்றாள் அக்கா.

அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போர்க் காலத்தில் மாத்தளைப் பேருந்திலிருந்து இராணுவத்தினரால் இறக்கி நிறுத்தப்பட்டு, வெயிலில் வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்பச் சொன்ன தலைமுறையைச் சேர்ந்தவர்கள் என் பெற்றோர். அந்தச் சீருடையைத் தங்கள் மகளே உடுத்துவாள் என்பதை எந்தப் பக்கத்திலிருந்து விளங்கிக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தேயிலை ஆலையில் வேலை செய்த அப்பாதான் இறுதியில் தீர்ப்பு வழங்கினார்:

“கேக்குறதப் புள்ள தைரியமா கேக்குது. கொழுந்துக் கூடையத் தவிர வேற ஒண்ண முதுகுல போட்டுப் பாக்கட்டும்.”

அக்கா போன அன்று மாலை அழைப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. முகாமிலிருந்து கொடுத்திருந்த இலக்கத்துக்கு அப்பா எடுத்துப் பேசினார்; மறுமுனையில் ஒருவர் சிங்களத்தில், எல்லாப் பிள்ளைகளும் நலம், உரிய காலத்தில் அவர்களே பேசுவார்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்.

“அந்தாளு சொல்றாரு, சரி. அவ சொல்லலியே” என்றார் அம்மா.

அன்று தொடங்கியது, கூட்டாத வீட்டில் எங்கள் வாழ்வு. அம்மா வழக்கம்போல மலைக்குப் போனார், கொழுந்து பறித்தார், திரும்பி வந்து சமைத்தார். பாத்திரங்களை முன்னிலும் பளபளப்பாகத் துலக்கினார். தரையை மட்டும் பார்க்காதவர்போல நடந்தார். வீட்டுக்குள் கைத்தொலைபேசிக்குச் சரியாகச் சமிக்ஞை கிடைக்காது. எனவே அப்பா ஆலையிலிருந்து வந்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சும்மா காத்து வாங்கிட்டு வாறேன்” என்று தண்ணீர்த் தாங்கி இருந்த மேட்டுக்கு ஏறிவிடுவார். மழைக்காற்று ஊளையிட்ட நாள்களிலும் அவருக்குக் காற்று போதாமலேயே இருந்தது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றுத் திரும்பியிருந்த காலம். எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் நிலைநாட்டிவிடுவேன் என்ற உறுதி எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு மாலை, அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, நான் நிமிர்ந்து நின்று என் வாதத்தைத் தொடங்கினேன். ஒருவர் போய்ச் சேர்வதற்கும் ஒரு வீட்டின் தூசிக்கும் இடையே தொடர்பேதும் இல்லை என்றேன். அப்படி இருக்குமானால், அக்காவோடு பயிற்சிக்குப் போன அத்தனை பேரின் வீடுகளும் இன்று குப்பைமேடுகளாக அல்லவா இருக்கவேண்டும் என்று வினவினேன். அக்கா சேர்ந்துவிட்டாள் என்பது முகாமே உறுதிசெய்த உண்மை என்று முழங்கி முடித்தேன். நடுவர் எவரேனும் இருந்திருந்தால் முழுப் புள்ளியும் எனக்கே கிடைத்திருக்கும்.

“பேசி முடிச்சிட்டியா?” என்றார் அம்மா, தலை நிமிராமல். “முடிச்சிட்டா, போயி பீலியில தண்ணி புடிச்சிட்டு வா.”

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது, பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. என்னிடம் சொன்னதுபோலவும் இல்லை.

“கூட்டிப்புட்டா, போனவ போனவதான்னு ஆயிரும்.”

மலை ஊற்று நீர் விழும் பீலியில் குடம் நிறைந்து வழியும்வரை அந்த ஒரு வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மேட்டுக்குப் போன அப்பா வழக்கத்தைவிட வேகமாக இறங்கி வந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், நேராகக் கதவு மூலைக்குப் போய், விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அதைக் கையால் தொட்டது அதுவே முதல் தடவை. அம்மா அலறிவிட்டார்.

“ஐயோ, என்னங்க செய்றீங்க! கீழ போடுங்க அத!”

அப்பா நிறுத்தவில்லை. புழுதி முகத்தில் ஏற, குனிந்த தலையோடு கூட்டிக்கொண்டே இருந்தார். கூட்டியபடியே சொன்னார்.

“வந்து சேந்துட்டேன்னு சொன்னா.”

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டார். “வேற என்ன சொன்னா?”

“கால் வலிக்குதாம். சோறு நெறைய போடுறாங்களாம். அதுக்குள்ள மத்தப் புள்ளைக்கு நேரமாச்சுன்னு வச்சிட்டா.”

“நான் கேக்கலியே அவ சத்தத்த” என்றார் அம்மா. அப்பா விளக்குமாற்றோடு அப்படியே நின்றார். பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். “கூட்டுற லட்சணத்தப் பாரு, மூலையெல்லாம் விட்டுட்டு!” என்று ஏசியபடியே முதலிலிருந்து மறுபடி கூட்டினார். அப்பா ‘இஸ்தோப்பு’ என்று நாங்கள் அழைக்கும் முன்தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து, தொலைபேசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு மூவரும் போனோம். வரிசை வரிசையாக ஒரே நடை, ஒரே உயரம்போலத் தோன்றிய அத்தனை பெண்களில் அக்காவை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அணிவகுப்புக் கலைந்து கூட்டம் நெரிசலானபோது, பக்கவாட்டிலிருந்து சீருடையணிந்த ஒருத்தி விரைந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது; அடையாள அட்டையை எடுத்து, இரு கைகளாலும் நீட்டிவிட்டார்.

நீட்டிய அட்டையையும் அப்பாவையும் அக்கா மாறிமாறிப் பார்த்தாள். அட்டையை வாங்கி, அவர் பையிலேயே வைத்து, பொத்தானையும் பூட்டிவிட்டாள்.

“உள்ள வைங்கப்பா. நான்தான்.”

அம்மா முதலில் சிரித்தார். அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதது அதற்குப் பிறகுதான்.

இன்று அக்கா வடக்கே ஒரு முகாமில் பணியாற்றுகிறாள். விடுமுறை முடிந்து போகிறவள் வழிநெடுகப் படம் அனுப்புகிறாள். அம்மாவுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. நான் பல்கலைக்கழக விவாத அணியில் இருக்கிறேன். சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பாவைக் கண் பரிசோதனைக்காக மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பதிவு செய்யுமிடத்தில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவினார், காற்சட்டைப் பையைத் தடவினார், இல்லை. வீட்டு அலுமாரியில் கிடப்பதாக அப்போதுதான் நினைவு வந்தது.

“முன்னயெல்லாம் பீலிக்குக் குளிக்கப் போனாலும் எடுத்துட்டுப் போவீங்களே!” என்று அம்மா அத்தனை பேர் முன்னிலையிலும் ஏசினார். திரும்ப மலையேறி எடுத்துவர அரைநாள் போய்விடும்.

“மறந்து போச்சு புள்ள” என்றார் அப்பா, வெறும் பையில் கையை வைத்தபடி. அவர் முகத்தில் வருத்தத்தின் சாயல் சற்றும் இல்லை.