எல்லாருக்கும் போட்டாச்சு

ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் புழுக்களுக்குத் தெரியாது. அதனால் இந்த அயல்நாட்டில் நான் தனியாகக் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அன்றைக்கும் ஆய்வகத்துக்கு கார் ஓட்டிப் போவேன். அங்கே என்னையும் ரோபோவையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். தட்டுகளில் வரிசையாகக் குழிகள், குழிகளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உருளைப்புழுக்கள். ரோபோ ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு பாக்டீரியாவை இரையாக ஊற்றும். அதைத் தின்றதும் புழுவின் ஏதோ ஒரு மரபணு வேலை செய்யாமல் வாயை மூடிக்கொள்ளும். அதனால் புழுவுக்கு என்ன ஆகிறது என்று கேமரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும். தட்டுகளை எடுத்து வைப்பதுதான் என் வேலை. இதற்கா பிஎச்டி படித்தேன் என்று எரிச்சலாக வரும்.

அன்று கடைசித் தட்டை வைத்தபோது சென்னையிலிருந்து அம்மாவின் போன் வந்தது. வாரத்துக்கு ஒரு முறை வரும் அந்த போனை நம்பித்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"சாப்டாச்சா?" என்றாள்.

யார் சாப்பிட்டது என்று அந்தக் கேள்வியில் இல்லையே. புழுக்களின் நினைப்பிலேயே இருந்த நான், "இப்பதாம்மா எல்லாருக்கும் போட்டு முடிச்சேன்" என்றேன்.

"எல்லாருக்குமா? வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்களா?"

அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். நாலு பேரோடு பழகு என்று வாராவாரம் சொல்கிறவள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"ஆமாம்மா, நிறைய பேர்."

"அப்புறம் என்கிட்ட என்ன பேச்சு? போய் அவங்களை கவனி" என்று போனை வைத்துவிட்டாள்.