சித்தி சண்டைக்குப் போன காவல்தெய்வம்

ஸ்டோவ்னர் என்ற இந்தக் குளிர்நாட்டுப் புறநகரில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் தாய்லாந்துப் பெண், தன் பல்கனியில் ஒற்றைக்கால் தூணில் ஒரு சின்ன வீட்டை வைத்தாள். உள்ளே காவல்தெய்வமாக ஓர் உருவம், முன்னால் உறிஞ்சுகுழாய் போட்ட சிவப்புச் சோடா. இது கட்டடமா, மேசை நாற்காலிபோலத் தளபாடமா என்று குடியிருப்புச் சங்கத்தார் என்னிடம் கேட்டு வந்தார்கள். விதிமுறை சொல்லியே சம்பளம் வாங்கியவளை ஓய்வு பெற்றாலும் விடுவதில்லை. ஆணி அடிக்காதவரை தளபாடம் என்றேன். அந்தச் சின்ன வீட்டுக்காரரின் இனத்தவர் ஒருவரோடு எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம் என்பதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அப்போது மலாயா ரயில்வேயில், இன்று தாய்லாந்து எனப்படும் சயாமின் எல்லைக்குப் பக்கத்தில் வேலை. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். யுத்தத்தில் யப்பான்காரர் சித்தப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்து சிலர் திரும்பினார்கள். அவரைப் பற்றி மட்டும் நல்லதோ கெட்டதோ ஒரு செய்தியும் வரவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோதும் சித்தி, “அவர் வரட்டும், பாப்பம்” என்று விட்டுவிட்டாள்.

எல்லைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சந்தைக்கு அருகே, அவ்வூர்க் காவல்தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. ஊருக்குள் வருகிறவரும் கடந்து போகிறவரும் அவரிடம் சொல்லிக்கொண்டு போவது வழக்கமாம். சித்தப்பாவை ஏற்றிய ரயிலும் அந்த வழியாகத்தான் போனது. ஆகவே அந்தத் தெய்வத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தர்க்கத்தில் இன்றும் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

ஒரு விடுமுறையில் அப்பா, சித்தி, நான் மூவரும் போனோம்.

“எல்லை தாண்டினால் எங்கட பிள்ளையாருக்கு அதிகாரம் இல்லை. இஞ்சை இவர்தான்,” என்றார் அப்பா.

சிவப்புச் சாயம் பூசிய சிறு மண்டபம், மர யானைகள், பூமாலைகள். தெய்வம் குடிப்பதற்காக இளநீர்களைத் தலை சீவி, குழாய் போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். அப்பா அதையெல்லாம் கவனிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காயைத் தூக்கி, நம் முறைப்படி, வாசற்படியில் ஓங்கி அடித்தார்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஓடிவந்து மலாய் மொழியில் படபடவென்று பேசினார். அப்பாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

“என்னவாம், அத்தான்?” என்றாள் சித்தி.

“இப்பிடிச் சாமியின்ர வாசல்ல போட்டு உடைச்சால், சண்டைக்கு வந்திருக்கிறம் எண்டல்லோ நினைப்பாராம்.”

“நினைக்கட்டும். சண்டைக்குத்தான் வந்தனான்.”

சித்தி படியில் உட்கார்ந்தாள். ஒரு மனிதனைத் தன் ஊர் வழியாகப் போகவிட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததற்காக முதலில் தெய்வத்தை ஏசினாள். பிறகு யப்பான்காரரை. பிறகு ரயில்வேயை. அப்பா தொண்டையைச் செருமினார். கடைசியில், சித்தப்பாவிடமே பேசுவதுபோல் குரல் இறங்கியது.

“இஞ்சாருங்கோ, போட்டுவாறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? நான் குசினிக்குள்ள, அடுப்படியில தானே நிண்டனான்.”

இப்படி ஏச்சு வாங்கிய தெய்வம் சித்தப்பாவை எப்படித் திருப்பி அனுப்பும்? நான் மெல்ல மண்டபத்துக்குள் எட்டிப்பார்த்து, “சித்திக்கு வெயில் கூடிப்போச்சு, குறை நினையாதேங்கோ,” என்றேன்.

சித்தி அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கிழவர் புதிதாக ஓர் இளநீரைச் சீவினார். தெய்வத்தின் முன் வைக்காமல் சித்தியின் கையில் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “பசிக்குது, அத்தான்,” என்றாள். சித்தப்பா போனபின் அவள் தானாக அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உடைந்த தேங்காயையும் பொறுக்கி எடுத்து ரயிலில் மென்றுகொண்டே வந்தாள்.

அடுத்த ஆசிரியப் பயிற்சி வகுப்புக்குச் சித்தி பெட்டி கட்டினாள். வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாக வழியனுப்பினார்கள். நான் மட்டும், ஏசிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபத்தில், சரியாகக் கையசைக்கவில்லை. அந்தக் கோயிலில் சித்தி ஏசினாள், அழுதாள், இளநீர் குடித்தாள். சித்தப்பாவைத் திருப்பித் தா என்று ஒரு தடவையாவது கேட்டாளா என்று யோசித்துப் பார்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை.