அந்தோனியாரின் வெறுங்கை

ஹம்பேர்க்கில் அன்ரனிற்றாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் காண்பது அந்தோனியாரைத்தான். ஒரு சாண் உயரமான மரச் சுரூபம். மன்னாரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. அவருடைய இடக்கை மார்போடு வளைந்திருக்கும். அந்தக் கையில் இருக்க வேண்டிய குழந்தை யேசு மட்டும் இல்லை. யாரோ இப்போதுதான் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனதுபோல, பாவம், அந்த வெறுங்கையோடு அவர் நின்றுகொண்டிருப்பார்.

"பாலன் எங்கையக்கா?" என்று யாராவது கேட்டால் அன்ரனிற்றா கணவன் பக்கம் முகத்தைத் திருப்புவாள்.

"இவரைக் கேளுங்கோ. வீடு மாறேக்க எங்கையோ துலைச்சுப்போட்டார்."

பென்ஜமின் சிரித்தபடி தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

அவள் சொன்னது பொய். பாலன் தொலையவில்லை. வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றப்பட்டு அவளுடைய கைப்பைக்குள் கிடந்தார். ஏழு வருடங்களாக அவரை அங்கே சிறை வைத்திருந்தவள் அவள்தான்.

டெனிஸ்டன் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஜெர்மனிக்கு முதலில் பென்ஜமின் வந்தார், பிறகு அவள் வந்தாள். மகனை மன்னார்ப் பேசாலையில் தமக்கையிடம் விட்டு, "கெதியாக் கூப்பிடுவம் ராசா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அகதி விண்ணப்பம் இழுபட்டது. அலுவலகத்தில் குறித்துத் தருகிற சந்திப்பு நாளுக்குத் தெர்மீன் என்று பெயர்; ஒரு தெர்மீனுக்குப் போனால் அடுத்த தெர்மீனைத்தான் கையில் கொடுத்தனுப்பினார்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது சனங்கள் வள்ளமேறி இராமேஸ்வரத்துக்கு ஓடினார்கள். டெனிஸ்டனும் பெரியம்மாவோடு ஏறினான். நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்தது. பெரியம்மா தப்பினாள். பதினாறு வயதுப் பிள்ளை கரைசேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

உடல் ஒதுங்கியிருந்தால் அவள் கத்திக் குளறி அழுது முடித்திருப்பாளோ என்னவோ! ஆனால் தப்பி வந்த ஒருவன், "நீலச் சேட்டுப் போட்ட ஒரு பெடியன் வேறை வள்ளத்தில ஏறினதைக் கண்டனான்" என்று சொல்லிவிட்டான். அந்த நீலச் சேட்டு அவள் ஹம்பேர்க்கில் வாங்கி நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பியது. அதன் கையில் ஒரு பொத்தான் கழன்றிருக்க, நீல நூல் இல்லாமல் சிவப்பு நூலால் தைத்து அனுப்பியிருந்தாள். அந்தச் சேட்டைப் பற்றிப் பிடித்துக்கொண்டே அவள் உயிர் வாழ்ந்தாள்.

அவளுடைய தாய்வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொருள் தொலைந்தால் அந்தோனியாரிடம் மன்றாடுவார்கள். அவர் தாமதித்தால் கையிலிருக்கும் பாலனைக் கழற்றி ஒளித்துவைப்பார்கள். தொலைந்தது கிடைத்த பிறகுதான் மெழுகுதிரி கொளுத்திப் பாலனைத் திருப்பிக் கொடுப்பார்கள். மோதிரத்துக்கும் ஆட்டுக்குட்டிக்கும் செய்கிற காரியத்தை அவள் மகனுக்குச் செய்தாள். "என்ர பிள்ளையை நீர் தாரும். உம்மட பிள்ளையை நான் தாறன்" என்று சொல்லிப் பாலனைக் கழற்றினாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் பென்ஜமின் போர்த்துக்கலுக்கு இரண்டு விமானச் சீட்டுகளோடு வந்து நின்றார்.

"எங்கட கலியாணத்துக்கு வெள்ளிவிழா. மீன் தொழிற்சாலையில லீவு தந்திட்டாங்கள். பழைய பட்டணங்களைச் சுத்திப் பாத்திட்டு வருவம்."

அன்ரனிற்றா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். கூட வேலை செய்யும் குணேஸ்வரிக்கு இந்தச் செய்தி கிடைத்ததே போதும்.

"போர்த்துக்கீசன் உங்கட மன்னாரில வந்து கோட்டை கட்டினான். நீங்கள் போய் அவன்ர ஊரில ஒரு குடிசையாவது போட்டிட்டு வாங்கோவன்!"

"உனக்குப் பகிடி. எனக்குப் போகவே விருப்பமில்லை."

"ஏன்? அண்ணை கையைப் பிடிச்சுக்கொண்டு நடப்பார் எண்டு வெக்கமோ?"

அன்ரனிற்றா சிரித்தாள். வீட்டுக்கு வந்தபோது பென்ஜமின் இன்னொரு செய்தி சொன்னார்.

"கடைசியா லிஸ்பனுக்குப் போறம். உம்மட அந்தோனியார் பிறந்த ஊர்."

"என்னப்பா கதைக்கிறியள்? பதுவை அந்தோனியார் எண்டல்லோ கும்பிடுறனாங்கள்?"

"செத்தது இத்தாலியில, பதுவையில. பிறந்தது லிஸ்பனில. பிறந்த வீட்டுக்கு மேலதான் கோயில் கட்டியிருக்கு."

அவளுக்குச் சில்லென்றது. வெளிநாட்டுக் குளிருக்குப் பழகிய உடம்பு, ஆனால் இது வேறு குளிர். சூட்கேசை அடுக்க அவளே முன்னின்றாள். கைப்பையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

முதலில் போர்த்தோ. ஆற்றங்கரையில் இருந்து மேலே ஏறும் சந்துகள் குடலைப்போல வளைந்து போயின. வீட்டுச் சுவர்களில் நீல ஓடுகள், தலைக்கு மேலே கொடிகளில் உடுப்புகள். நாள் முழுதும் படுக்கை விரிப்புகளோடு மாரடிப்பவளின் கண் தானாகவே கொடிக்குப் போனது. அங்கே ஒரு நீலச் சேட்டு தொங்கியது. அதன் கை கீழே சரிந்திருந்தது. கைப்பொத்தானில் சிவப்பு நூல்.

அவள் அண்ணாந்தபடியே நின்றாள். சேட்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவளுடைய உதட்டில் விழுந்தது. சவர்க்கார மணம் இல்லை. உப்புக் கரித்தது.

"என்ன, இஞ்சையும் உடுப்புத்தான் பாக்கிறீரோ?" என்று பென்ஜமின் கேலி செய்தார். "லீவிலையும் லோன்றி வேலையோ?"

அவள் திரும்ப மேலே பார்த்தாள். வெள்ளைத் துணிகள் மட்டும் காற்றில் அசைந்தன.

அடுத்தது கொயிம்பிரா, மலைமேல் அமர்ந்த பழைய பல்கலைக்கழக நகரம். பழைய பேராலயத்தின் படிகளில் ஒரு பையன் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். நீலச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் விறுவிறென்று ஏறினாள். அவன் எழுந்து ஒரு மூலையில் திரும்பினான். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆளைக் காணவில்லை. அவன் இருந்த படியில் ஈரமான இரண்டு பாதத் தடங்கள் மட்டும் இருந்தன.

பென்ஜமின் மூச்சிரைக்க வந்தார். "ஆரைக் கலைச்சுக்கொண்டு ஓடுறீர்?"

"இதில ஈரம் தெரியுதோ?"

"எங்க ஈரம்? கல்லில தோசை சுடலாம், அவ்வளவு வெய்யில்."

அவள் குனிந்து தடவிப் பார்த்தாள். கல் கொதித்தது. ஆனால் அவளுடைய கைப்பை, உள்ளே ஒரு பிள்ளை தூங்குவதுபோல, தோளை இழுத்தது.

எவோராவில்தான் எல்லாம் வெடித்தது.

வெள்ளை வீடுகளும் உரோமர் காலத்துத் தூண்களும் நிற்கிற ஊர் அது. அங்கே ஒரு சிற்றாலயத்தின் சுவர்கள் முழுவதும் மனித எலும்புகள். மண்டையோடுகளை வரிசையாக அடுக்கிச் சாந்து பூசியிருந்தார்கள். அவள் வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். பென்ஜமின் உள்ளே போனார். ஒரு மண்டையோட்டின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின.

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். சதுக்கத்து நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஆரெண்டு தெரியாத சனம். இவையளுக்கு எலும்பாவது இருக்கு, அன்ரனி" என்றார் அவர். "எங்கட பிள்ளைக்கு..."

"நிப்பாட்டுங்கோ."

"லிஸ்பனில அவனுக்கொரு ஆத்துமப் பூசை குடுப்பம். அதுக்குத்தான் உம்மைக் கூட்டியந்தனான்."

அவளுடைய முகத்தில் இரத்தம் ஏறியது. "வெள்ளிவிழாவுக்குத்தான் எண்டு பொய் சொல்லி? உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆத்துமப் பூசை குடுக்கிற தகப்பனை நான் இண்டைக்குத்தான் காணுறன்! உங்களுக்கு அவன் செத்துப்போக வேணும், என்ன? செத்தால் நிம்மதி, என்ன?"

பென்ஜமின் கோபப்படவில்லை. அப்படிக் கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"ஏழு வருசமா உமக்கு முன்னால எனக்கு அழ ஏலாமல் கிடக்கு" என்றார் மெதுவாக. "நான் அழுதால் அவன் போயிட்டான் எண்டு நீர் பயப்படுவீர். அதால குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டு அழுறன். தண்ணிச் சத்தம் கேட்டால் நான் குளிக்கிறன் எண்டு நினைப்பீர். அவ்வளவு நேரம் ஆரப்பா குளிக்கிறது?"

லிஸ்பனுக்குப் போகும் பேருந்தில் அவள் அவரை விட்டுத் தனியே ஒரு வரிசையில் போய் உட்கார்ந்தாள். மகனை உயிரோடு வைத்திருப்பது தன்னுடைய பிடிவாதம் ஒன்றுதான் என்றும், அதை விட்டால் அவனை இரண்டாம் முறை கடலில் தள்ளியதாகிவிடும் என்றும் அவள் நம்பினாள். பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். யன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்குப் பின்னால், காலியான இருக்கையில், ஒரு நீல நிறம் தெரிந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

லிஸ்பன் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அந்தோனியார் கோயில். கீழே நிலவறைக்குள் இறங்கினால் அவர் பிறந்த இடம். தாழ்ந்த கூரை, சின்னப் பீடம், மெழுகுதிரி மணம். அன்ரனிற்றா முழந்தாளிட்டாள். பையைத் திறந்து கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். அது நனைந்திருந்தது. அவளுடைய உள்ளங்கை வேர்வையோ, வேறெதுவோ!

"நீர் பிறந்த வீட்டுக்கே வந்திட்டன்" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "இனி எங்க ஒளிப்பீர்? எங்க என்ர பிள்ளை?"

பின்னால் பென்ஜமின் நின்றார். கையில் ஜெர்மன் மொழி வழிகாட்டிப் புத்தகம்.

"அன்ரனி, இவரும் கப்பலேறிப் போனவர்தான். காத்தடிச்சு வேறை கரையில ஒதுக்கிப்போட்டுது. பிறகு இந்த ஊருக்கு வந்ததாக இதில ஒண்டும் இல்லை."

அவள் மெல்லத் திரும்பினாள். "அப்ப இவரின்ர தாய்?"

"தாய் என்ன செய்வா? இந்த வீட்டில காத்துக்கொண்டு இருந்திருப்பா."

அந்த நிலவறைச் சுவரை அன்ரனிற்றா பார்த்தாள். தொலைந்ததையெல்லாம் தேடித் தருகிறவர் என்று உலகம் கும்பிடும் பிள்ளையே இந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லையே! பெற்றவள் ஒருத்தி இந்த வாசலில் நின்று துறைமுகத்தைப் பார்த்திருப்பாளே! அவளுக்கே கொடுக்காததை எனக்கு எப்படிக் கொடுப்பார்? அவரிடம் போய்ப் பிள்ளையைப் பறித்து வைத்தேனே! நெஞ்சுக்குள் ஏழு வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் உடைந்தது.

மேலே வந்தபோது பூசை யாருக்காக என்று பதியும் மேசையில் ஒரு கிழவர் இருந்தார். இளமையில் ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்தவராம், ஜெர்மன் பேசினார். பென்ஜமின் மகனுடைய பெயரைச் சொன்னார்.

"உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா?" என்று கிழவர் ஜெர்மனில் கேட்டார்.

பென்ஜமின் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து இந்த ஒரு சொல்லுக்காகவே வந்த மனிதர் விறைத்துப்போய் நின்றார். அவருடைய கண்கள் அவளைப் பார்த்தன. கெஞ்சவில்லை. அவளுக்காகக் காத்திருந்தன.

"ஃபெர்ஷ்டோர்பன்" என்றாள் அன்ரனிற்றா.

ஆஸ்பத்திரியில் அவள் அடிக்கடி கேட்கிற சொல். இறந்தவர். தமிழில் என்றால் அவளுடைய நாக்கு அதைச் சொல்லியிருக்காது.

கைக்குட்டை முடிச்சை அவள் மேசையில் வைக்கப் போனாள். பென்ஜமின் அவளுடைய கையைப் பிடித்தார்.

"பாலனை இஞ்ச விடாதையும். வீட்டில ஒராள் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறார்."

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

"எப்பவோ தெரியும். எஸ்-பான் ரெயில் ரிக்கற் தேட உம்மட பையைத் திறந்தனான்."

"பிறகேன் நீங்கள் துலைச்சதெண்டு நான் ஊரெல்லாம் சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்?"

"பிள்ளையை விட்டிட்டு முதல் வெளிக்கிட்டது நான்தானே" என்றார் பென்ஜமின். "நீர் சொன்னது பிழையெண்டு எனக்குப் படேல்லை."

அவள் நடுக்கோயிலில் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்தாள்.

மறுநாள் காலைப் பூசையில், போர்த்துக்கீசப் பெயர்களுக்கிடையில், குருவானவர் டெனிஸ்டனின் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். அன்ரனிற்றா கடைசி வாங்கு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நின்றான். முதல்முறையாக முகம் காட்டி நின்றான். பதினாறு வயது முகம், ஒரு நாளும் கூடவில்லை. நீலச் சேட்டு காய்ந்திருந்தது. காற்றில் அதன் கை சற்று அசைந்தது. யாரோ வாசற்கதவைத் திறந்தார்கள், வெயில் உள்ளே விழுந்தது, அந்த இடம் வெறுமையானது.

ஹம்பேர்க்குக்குத் திரும்பிய அன்று பின்னேரம், அவள் மெழுகுதிரி கொளுத்தினாள். பாலனின் அடிப்பக்கத்துச் சின்னக் கட்டை அந்தோனியாரின் கைத்துளைக்குள் முதலில் இறங்க மறுத்தது. அழுத்திப் பிடித்தாள். பிறகு இருந்தார்.

அதன் பின் எந்தக் கொடியிலும், எந்த எஸ்-பான் யன்னலிலும் நீலச் சேட்டைக் காணவில்லை. அவள் தேடித்தான் பார்த்தாள். கைப்பை காற்றைப்போல இலேசாகிவிட்டது. அந்த இலேசைத் தூக்கித்தான் அவளுடைய தோள் நொந்தது.

பாலனைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பின்னேரம் பென்ஜமின் குளியலறைக்குள் போய் நெடுநேரமாயிற்று. அவள் எழுந்து போனாள். கதவு திறந்தே கிடந்தது. குழாய் பூட்டியிருந்தது. அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அன்ரனிற்றா உள்ளே போனாள். அவரோடு ஒட்டி உட்கார்ந்து, மகனின் பெயரைச் சொல்லி, முதன்முறையாகக் குளறத் தொடங்கினாள்.