லோகில் முற்றத்து வழி

தோரா ஐவ்சனைப் பற்றி இன்று எங்கள் ஸ்கெல்பெக் ஊரில் யாரைக் கேட்டாலும், "பாதையை அடைச்சாளே, அந்தப் பொம்பளையா?" என்றுதான் கேட்பார்கள். அவள் கையால் இஞ்சிக் கேக் வாங்கித் தின்றவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். எனக்கு அவளை ஐம்பது வருடமாகத் தெரியும். இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது முதலில் வீடு தேடி வந்து பேசியவள் அவள்தான்.

லோகில் பண்ணை ஊருக்கு மேலே, ஓடையை ஒட்டி இருக்கிறது. சமையலறைக் கதவுக்கும் வைக்கோல் கொட்டகைக்கும் நடுவே கல் பாவிய முற்றம். அதைக் கடந்து பின்பக்க கேட்டைத் திறந்தால் மலைமுகட்டுக்கு நேராக ஏறிவிடலாம். இல்லாவிட்டால் பால் லாரிகள் போகும் தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் ஊரே அந்த முற்றத்தின் வழியாகத்தான் நடந்தது. தோராவின் அம்மா ஜன்னலிலிருந்து கையைத் தூக்குவாள். நாங்களும் தூக்குவோம். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

அந்தப் பண்ணைக்காரர்களான ஹார்க்கர் குடும்பத்தில் இரண்டே பிள்ளைகள். தோராவும், அவளுக்கு இளையவன் கிளிஃபோர்டும். அப்பாவோடு பனியிலும் மழையிலும் ஆடு மேய்த்தது தோராவும் அவள் கணவன் எட்வினும். கிளிஃபோர்ட் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கல்குவாரி லாரி ஓட்டப் போய்விட்டான். அப்பா இறந்தபோது பண்ணை தோராவுக்குப் போனது. கிளிஃபோர்டுக்குக் கிடைத்தது ஒரு கைக்கடிகாரமும் ஒரு நாயும். பப்பில் அதை அவன் வேடிக்கையாகச் சொல்வான்: "நாய் செத்துப்போச்சு. வாட்ச் நின்னுபோச்சு. நான் ஒருத்தன்தான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கேன்." எல்லோரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான், ஆனால் எங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவான்.

ஓய்வு பெற்றதும் கிளிஃபோர்ட் நடைக்குழு ஒன்றை ஆரம்பித்தான். ஞாயிறுதோறும் அவன் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடப்போம். லோகில் முற்றத்தில் நுழைந்தால் மட்டும் அவன் நடை மெதுவாகிவிடும்.

அப்புறம் அந்த நோய் வந்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், கோமாரி. நாடு முழுக்க நடைபாதைகளை அரசாங்கம் மூடியது. நோய் பரவாமலிருக்கப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சுட்டுக் குவித்த மாடுகளையும் ஆடுகளையும் எரித்த புகை எங்கள் துவைத்த துணியில் ஏறியது. தோராவும் எட்வினும் கேட்டில் கிருமி மருந்தில் நனைத்த வைக்கோலைப் பரப்பிவிட்டு வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. அவர்கள் ஆடுகள் தப்பின. கோடையில் எல்லாப் பாதைகளும் திறந்தன. லோகில் கேட்டில் மட்டும் பூட்டு தொங்கியது.

முதல் ஞாயிறு குழுவோடு போய் நின்றோம். தோரா கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"பூட்டைத் தொற, தோரா. எல்லா எடத்துலயும் தொறந்தாச்சு" என்றான் கிளிஃபோர்ட்.

"தொறந்தவங்க தொறக்கட்டும். எவன் செருப்புல என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"அம்மா இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா?"

"அம்மாவ இழுக்காத. பின்னாடி ஒரு கூட்டத்த வச்சுக்கிட்டுத்தான் அக்காகிட்ட பேச வருவியா நீ?"

குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். கிளிஃபோர்டின் காது சிவந்ததைப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். அந்த மாதமே, லோகில் முற்றம் பொதுவழி என்று அறிவிக்கக் கோரி கவுன்சிலுக்கு மனுப் போட்டுவிட்டான்.

விசாரணை எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்தது. டீ போடும் வேலை எனக்கு. விசாரிக்க வந்தவர் தெற்கிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. மரியாதையான மனுஷி. சட்டம் இவ்வளவுதான்: இருபது வருடம் யாரும் தடுக்காமல் மக்கள் நடந்த வழி பொதுவழியாகிவிடும். வருடத்தில் ஒரு நாளாவது சொந்தக்காரர் அடைத்து வைத்திருந்தால் ஆகாது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, யாரும் தடுத்ததில்லை என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்மை அது.

கடைசியில் தோரா எழுந்தாள். சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டில் வந்திருந்தாள்.

"எங்கம்மா வருஷா வருஷம் புனித வெள்ளியன்னிக்கு கேட்டுக்குச் சங்கிலி போடுவாங்க. வழி எங்களோடதுன்னு இருக்கட்டும்னு, எங்கப்பா காலத்துலேருந்தே அப்படி."

அன்று ஊரே தேவாலயத்தில் இருக்கும். மலைக்கு யாரும் போவதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாராவது பார்த்திருக்காங்களா, மிஸஸ் ஐவ்சன்?" என்று அதிகாரி கேட்டார்.

"பாக்கறதென்ன, போட்டதே என் தம்பிதான். அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். அம்மா சங்கிலிய அவன் கையிலதான் குடுப்பாங்க."

அதிகாரி கிளிஃபோர்டின் பக்கம் திரும்பினார். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஞாபகமில்லைங்க."

"ஞாபகமில்லையா, நடக்கலையா?" என்று அதிகாரி கேட்டார்.

கிளிஃபோர்ட் தலையை நிமிர்த்தினான்.

"அப்படி எதுவும் நடக்கலைங்க."

எட்வின் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. தோரா அவன் கையைப் பிடித்தாள். கத்தவில்லை. தம்பியை ஒரு முறை பார்த்தாள், கையுறைகளை எடுத்துக்கொண்டாள், என்னிடம், "வர்றேன் மேவிஸ்" என்று சொல்லிவிட்டுக் கணவனோடு வெளியே போனாள்.

தீர்ப்பு கிளிஃபோர்டின் பக்கம் வந்தது. பொதுவழி என்று காட்டும் மஞ்சள் அம்புக்குறித் தகட்டை லோகில் கேட் கம்பத்தில் அவனே ஆணி வைத்து அடித்தான். அடுத்த வருடம் ஒரு நடைவழிப் புத்தகத்தில் அந்தப் பாதை ஏறியது. வெளியூர்க்காரர்கள் கார் காராக வந்து இறங்கினார்கள். தோராவின் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார்கள். ஜன்னல் வழியே அவள் பாத்திரம் கழுவுவதைப் படம் எடுத்தார்கள். பாதையை அடைத்தவள் இவள்தான் என்று தெரிந்து சிலர் வேண்டுமென்றே கேட்டைத் திறந்துபோட்டுப் போனார்கள்.

ஒரு மார்ச் மாதம் யாரோ நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். நிறைசினையாக இருந்த ஆடுகள் மிரண்டு ஓடிக் கல் சுவரில் மோதின. செத்துப் பிறந்த குட்டிகளை எட்வின் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். நாய்க்காரர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் எட்வினுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. பண்ணையை விற்றார்கள். லீட்ஸிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கி, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடாக மாற்றினார்கள். சந்தை கூடும் பக்கத்து ஊரில் ஒரு சின்ன வீட்டுக்குத் தோராவும் எட்வினும் குடிபோனார்கள். அங்கே போன முதல் குளிர்காலத்திலேயே எட்வின் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு ஒருநாள் கிளிஃபோர்ட் என்னிடம் வந்து, தோரா வீட்டுக்குக் காரில் கூட்டிப்போகச் சொன்னான். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால் அவனால் ஓட்ட முடியாது. தோரா கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் நாலடி தள்ளி நின்றேன்.

"சங்கிலிய நான்தான் போட்டேன், தோரா."

"அது எனக்குத் தெரியாதா? மண்டபத்துல சொல்லிருக்கணும்."

"அந்த வாசல்ல எத்தனை வருஷம் விருந்தாளியா நின்னிருக்கேன் தெரியுமா? எட்வின் மொகத்தப் பாத்துட்டுத்தான் உள்ள காலெடுத்து வைப்பேன். நான் பொறந்த வீடு அது. ஒருதடவ யார்கிட்டயும் கேக்காம உள்ள நடக்கணும்னு இருந்துச்சு."

"நடந்தியா?"

"நடந்தேன்."

"நல்லாருந்துச்சா?"

அவன் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றினான்.

"கவுன்சில்ல போய் உண்மையச் சொல்லு கிளிஃப்."

"இப்பச் சொல்லி என்ன? பண்ணைதான் போயிடுச்சே."

"பண்ணைக்கா கேக்கறேன்? நான் பொய்க்காரியில்லன்னு ஊருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"அப்புறம் நான் எந்த மூஞ்சியோட ஊர்ல நடக்கறது?"

"எனக்கு மட்டும் மூஞ்சி இருந்துச்சா?"

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது ஊர் எல்லையில், "ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டு, மேவிஸ்" என்றான்.

அவன் கவுன்சிலுக்குப் போகவில்லை. நானே சொல்லிப் பார்த்தேன். பப் நடத்தும் டெஸ்மண்டிடம்தான் முதலில் சொன்னேன். ஞாயிறு மதியம் அவன் கடையில் நடைக்காரர்களுக்கு இடம் போதாது. "அதான் முடிஞ்சுபோச்சே. பாதை நல்லாத்தானே இருக்கு? விடு" என்றான். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். கவுன்சிலில் ஒரு பெண், ஒருவர் வாசற்படியில் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று தொலைபேசியில் பொறுமையாக விளக்கினாள்.

இந்தப் பிப்ரவரியில் தோரா இறந்தாள். எங்கள் தேவாலயத்தில்தான் அடக்கம். சொல்லும்படி கூட்டமில்லை. பிறகு பப்பில் பன்றிக்கறி சாண்ட்விச்சும் டீயும். கிளிஃபோர்ட் ஊன்றுகோலோடு கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்போது மழைக்கோட்டில் நனைந்தபடி இளம் ஜோடி ஒன்று உள்ளே வந்தது. இது துக்க வீட்டுக் கூட்டம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முகட்டுக்கு எது வழி என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்கள்.

மற்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். கிளிஃபோர்ட்தான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"தேவாலயத்துக்குப் பின்னால ஏறுங்க. ஓடையத் தாண்டினா ஒரு பண்ணை வரும். முற்றத்துக்குள்ள புகுந்து நேராப் போயிடுங்க."

"வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அங்க இப்ப யாருமில்லம்மா" என்றான்.